மாமியார் ஜாமீன்

லாரிக்காரர்கள் அவளைக் கிலோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்து எடை மேடையில் பதினாறு வருஷமாக அவளுக்கு வேலை. லாரி மேடைமேல் ஏறி நிற்கும். அறைக்குள் இருக்கும் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும். அவள் பொத்தானை அழுத்திச் சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டுவாள். "கொஞ்சம் குறைச்சுப் போடேன்க்கா" என்று குழைகிற டிரைவரிடம், "நீ கீழ இறங்கி நில்லு, எழுபது கிலோ குறையும்" என்பாள். அதற்குமேல் ஒரு கிலோ குறைக்க மாட்டாள்.

அந்த நாற்காலி அவளுக்குச் சும்மா கிடைத்ததில்லை. கணவன் லாரி டிரைவர். இரண்டு ராத்திரி கண்மூடாமல் ஓட்டியவனை மூன்றாவது லோடுக்கும் அனுப்பினார்கள். விடியற்காலையில் பாலத்துச் சுவரில் மோதி அங்கேயே போய்விட்டான். லாரி முதலாளி தன் உறவுக்காரரின் எடை மேடையில் அவளை உட்கார வைத்தார். பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. பிச்சை எடுத்தாலும் எடுப்பேனே தவிர, இவளை ஒரு டிரைவருக்குக் கொடுக்க மாட்டேன் என்று அன்றைக்கு மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

பெண்ணோ அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த இடத்திலேயே ஒரு டிரைவரைப் பார்த்து வைத்தாள்.

"ஊர்ல வேற ஆம்பளையே இல்லையாடி உனக்கு?"

"இருக்காங்கம்மா. ஆனா சீட்டை வாங்கிட்டு உனக்குத் தேங்க்ஸ் சொல்றது இவரு ஒருத்தர்தான்."

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. கிலோ அக்கா போகவில்லை. பிறகு மகளிடம் பேசினாள், மருமகனிடம் பேசவில்லை. அவன் வண்டி மேடையேறினால் முகத்தைப் பார்க்காமல் சீட்டை நீட்டுவாள். அவனும் "தேங்க்ஸ்" என்று வாங்கிக்கொண்டு போவான். இரண்டு வருஷமாக மாமியாருக்கும் மருமகனுக்கும் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மகள் போன் பண்ணினாள். "அம்மா, அவரைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க." அதற்குமேல் அழுகைதான் வந்தது. அவளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கால் இரண்டும் வீங்கி, ரத்த அழுத்தம் கூடுகிறது என்று டாக்டர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் விஷயம் தெரிந்தது. ஜல்லி யார்டில் சூப்பர்வைசருக்கும் மருமகனுக்கும் தகராறு. சூப்பர்வைசருக்கு மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். யார்டு முதலாளி தானே நேரில் வந்து நின்று புகார் எழுத வைத்திருக்கிறார்.

"கல்லால அடிச்சுக் கொடுங்காயம்னு எழுதியிருக்கும்மா. ஸ்டேஷன் ஜாமீன்ல விடற கேஸ் இல்ல, கோர்ட்ல பாத்துக்கங்க" என்றார் எழுதிக்கொண்டிருந்த காவலர், தலையை நிமிர்த்தாமலே.

மாலையில் மாஜிஸ்திரேட் பதினைந்து நாள் காவல் என்றார். மருமகனைக் கிளைச் சிறைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். வேனின் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து அவன் கூட்டத்தில் மனைவியைத் தேடினான். நின்றிருந்தது மாமியார்தான். இருவருமே பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த வக்கீலம்மாவை யாரோ கைகாட்டினார்கள். முப்பது வயதுப் பெண். எதிரில் இருப்பவருக்குப் புரிந்ததா என்று பார்த்துப் பார்த்துப் பேசுபவள்.

"ஜாமீன்னா விடுதலை இல்லம்மா. கேஸ் முடியற வரைக்கும் கூப்பிட்டப்பல்லாம் வந்து நிப்பேன்னு கோர்ட்டுக்குக் குடுக்கற வாக்கு. அவரு வரலேன்னா நாங்க பொறுப்புன்னு ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். அந்த ரெண்டு பேருக்கும் சொந்தமா வீடோ கடையோ இருக்கணும். வரி ரசீது, அடையாள அட்டை, போட்டோ எல்லாம் கேப்பாங்க."

"வீடு எம்பேர்ல இருக்கு. ஒரே ரூம்தான்."

"போதும். அப்ப நீங்க ஒருத்தர். இன்னொரு ஆளைப் பார்த்து வைங்க. ஆனா முதல்ல ஜாமீன் கிடைக்கணும்."

கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மனுவைத் தள்ளிவிட்டார்கள். அடிபட்டவர் இன்னும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கிறார், இவரை வெளியே விட்டால் சாட்சிகளை மிரட்டுவார் என்று போலீஸ் தரப்பு சொன்னது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கிலோ அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து முன்னால் போவதற்குள் அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்று மாலையே மகளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. படுக்கையில் கிடந்தவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ போய் அவரை ஒரு தடவை பாரும்மா. என்ன நடந்துச்சுன்னு அவர் வாயால கேளு. எனக்காக."

சனிக்கிழமை சிறை வாசலில் மனு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நீளமான ஒரு அறை. நடுவில் இரண்டு அடுக்குக் கம்பி வலை. இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மருமகன் தாடியோடு வந்து நின்றான். கேட்கப் போவதை எப்படித் தொடங்குவது, அவனை என்னவென்று கூப்பிடுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"அடிச்சது நெசந்தானா?" என்று கத்தினாள்.

"அடிக்கல அத்தை. தள்ளினேன். பின்னாடி கல்லு கிடந்துச்சு."

"எதுக்கு?"

"ரெண்டு ராத்திரி ஓட்டிட்டு வந்து அப்பதான் இறங்கினேன். மறுபடியும் லோடு எடுன்னாரு. கண்ணு சொருகுது, முடியாதுன்னேன். சாவியை என் சட்டைப் பையில திணிச்சுத் தோளைப் பிடிச்சு வண்டிப் பக்கம் தள்ளினாரு. நானும் தள்ளிட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "தப்புதான் அத்தை. ரத்தத்தைப் பார்த்ததும் நான்தான் தூக்கிட்டுப் போய் ஆட்டோவுல ஏத்தினேன்."

கிலோ அக்காவுக்குச் சுற்றியிருந்த கூச்சல் ஒரு நிமிஷம் காதில் விழவில்லை. அன்றைக்குத் தன் புருஷன் 'முடியாது' என்று சொல்லியிருந்தால், ஒருத்தனைப் பிடித்துத் தள்ளியாவது விட்டிருந்தால், அவளும் இதே கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியிருப்பாள். ஆனால் அந்தப் பக்கம் அவன் உயிரோடு நின்றிருப்பான்.

"உள்ள சாப்பாடு போடறாங்களா?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. அவன் தலையாட்டினது மட்டும் தெரிந்தது.

மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணனுக்கு மாடி வைத்த சொந்த வீடு. நேரம் வரும்போது ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று கேட்டாள். அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"உன் மாப்பிள்ளை மூஞ்சியை நீயே ரெண்டு வருஷமா பார்த்ததில்ல. நான் அவனுக்குப் பொறுப்பா? பெரியவனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கணும், போலீஸ் விசாரணை வர்ற நேரம் வேற. சாட்சிக்காரன் கால்ல விழறதைவிட சண்டைக்காரன் கால்ல விழறது மேல்னு சும்மாவா சொன்னாங்க? அந்த சூப்பர்வைசர் கால்லயே போய் விழு."

தட்டிக்கழிக்கச் சொன்ன பேச்சுதான் அது. கிலோ அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். வேறு வழி எதுவும் அவளிடம் மிச்சமில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க முடியாவிட்டாலும் அவர் மனைவியின் காலிலாவது விழலாம் என்று, லாரிக்காரர்களிடம் விசாரித்து அந்தத் தெருவைக் கண்டுபிடித்தாள்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு மகளைவிடப் பத்து வயது கூடுதல் இருக்கும். யார் என்று சொன்னதுமே அவள் குரல் உயர்ந்தது.

"மண்டை பொளந்து வந்தாரே, அப்ப எங்க இருந்தீங்க? ஏழு தையல்! இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்தீங்க?"

"தப்புதாம்மா. தள்ளினது தப்புதான். நான் நியாயம் பேச வரல. உன் கால்ல விழுந்து கேக்கத்தான் வந்தேன்."

குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். திறந்த கதவுக்கு உள்ளே, பிளாஸ்டிக் நாற்காலியில், தலையில் கட்டோடு சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். சத்தத்தை அணைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறதா கோர்ட்ல சொன்னாங்களே?"

"வியாழக்கிழமையே அனுப்பிட்டாங்க" என்று அந்தப் பெண் பட்டென்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சூப்பர்வைசர் எழுந்து வந்து அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். கிலோ அக்கா உள்ளே, கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். "முதலாளி வெளிய தலை காட்டாதேன்னு சொல்லியிருக்காரு. நீங்க என்னைப் பார்க்கல. சரியா?" என்றார். குரலில் அதட்டல் இல்லை, பயம்தான் இருந்தது.

"எம் பொண்ணு எட்டு மாசம். பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில கிடக்கா. புருஷன் எப்ப வருவாருன்னு கேட்டுக் கேட்டு இன்னும் ஏத்திக்கறா. நான் வேற எதுவும் கேக்கல, சார். படுத்திருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"நான் எங்க சொன்னேன்? அவங்க சொல்றாங்க." அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பையன் நல்ல டிரைவர்தான். எனக்கு மேல இருந்து போன் மேல போன். லோடு கிளம்பலேன்னா என் வேலை போயிடும். நான் என்ன பண்ணட்டும்?"

அந்தப் பெண் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் காகிதம் இருந்தது. மேஜையில் விரித்து வைத்தாள்.

"போட்டோ எடுத்துக்கங்க. நாங்க குடுத்தோம்னு வெளிய வரக் கூடாது. அவரு பொழப்பு போயிடும்."

சூப்பர்வைசர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். கிலோ அக்கா எடுத்த முதல் இரண்டு படமும் கலங்கிப் போனது. மூன்றாவதை அந்தப் பெண்ணே போனை வாங்கி எடுத்துக் கொடுத்தாள்.

படத்தைப் பார்த்த வக்கீலம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "இதை நான் காட்ட மாட்டேன், பயப்படாதீங்க. தேதி தெரிஞ்சாச்சுல்ல, அது போதும். ஆஸ்பத்திரி ரெக்கார்டை வரவழைக்கச் சொல்லிப் புது மனு போடறேன்."

அடுத்த வியாழக்கிழமை அந்த ரெக்கார்டு வந்தது. "படுக்கையில் இருக்கிறார் என்றீர்களே, எந்தப் படுக்கையில்?" என்று மாஜிஸ்திரேட் போலீஸ் தரப்பைக் கேட்டார். ஜாமீன் கிடைத்தது. இரண்டு ஜாமீன்தாரர்கள், தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. அப்படி முப்பது நாள்.

இரண்டாவது ஆளைக் கிலோ அக்கா ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தாள். எடை மேடைக்கு எதிரில் பஞ்சர் கடை வைத்திருப்பவன். எல்லோருக்கும் அவன் காத்து. "கையெழுத்துதானேக்கா? கழுத்தையா கேக்கறீங்க?" என்று மார்தட்டியிருந்தான். வெள்ளிக்கிழமை காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்துவிட்டான். மூன்று மணிக்கு மேல் ஜாமீன்தாரர்களைக் கூப்பிடுவார்கள் என்றார்கள். மரத்தடியில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஒருவர் அவனிடம் பேச்சுக் கொடுத்தார். "ஆள் ஓடிட்டா உங்க கடையைத்தான் ஜப்தி பண்ணுவாங்க, தெரியும்ல?" காத்துவின் முகம் காற்று இறங்கின டியூப் மாதிரி ஆனது. இரண்டு மணிக்கு, "தண்ணி குடிச்சிட்டு வரேன்க்கா" என்று போனான். இரண்டரை ஆயிற்று. ஆள் இல்லை. போனையும் அணைத்துவிட்டான்.

அதே நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். "அம்மா, பிரஷர் இறங்கவே மாட்டேங்குது. இப்பவே ஆபரேஷன் பண்ணணும். கையெழுத்துப் போட வீட்டுக்காரர் இருக்காரா? இல்ல நீங்க வர்றீங்களா?"

இங்கே போடாவிட்டால் திங்கட்கிழமைதான். அங்கே போடாவிட்டால்? கிலோ அக்கா கோர்ட் படிக்கட்டிலிருந்து தெருவரைக்கும் ஓடினாள். ஆட்டோவை நிறுத்தினாள். ஏறாமல் திரும்பப் படிக்கட்டுக்கு ஓடினாள். புருஷன் செத்தபோதுகூட வெளியிடத்தில் அழாதவள், அத்தனை வக்கீல்களும் பார்க்கப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். போன் மறுபடி அடித்தது. நர்ஸ்தான். "உங்க பொண்ணே கையெழுத்துப் போட்டுட்டா. 'எங்கம்மா கோர்ட்ல இருக்கட்டும், கூப்பிடாதீங்க'ன்னு சொல்றா. உள்ள கொண்டுபோறோம்."

வக்கீலம்மா தோளைத் தொட்டாள். "கூப்பிடப் போறாங்க. ரெண்டாவது ஆள் இல்லேன்னா..."

"நான் இருக்கேன்" என்று கீழ்ப்படியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

காத்துவின் மனைவி. மூச்சு வாங்கியது. ஒரு கையில் பிளாஸ்டிக் உறைக்குள் வரி ரசீது. மறு கையில் புருஷனின் சட்டைக் காலர்.

"கடைக்குள்ள வந்து ஒளிஞ்சுக்கிட்டு நின்னாரு. என்னன்னு கேட்டா முழிக்கிறாரு. கடையே எம்பேர்ல இருக்கு, அதைச் சொல்லாம இவரு எந்தக் கையெழுத்தைப் போட வந்தாரோ! அக்கா, எங்க போடணும்னு காட்டுங்க. மத்ததை வீட்டுல வச்சுப் பேசிக்கறேன்."

காத்து காலரைச் சரிசெய்துகொண்டு, "அடையாள அட்டையை நான்தான் ஞாபகப்படுத்தினேன்" என்று முனகினான்.

மாஜிஸ்திரேட் காகிதங்களைப் புரட்டினார். கிலோ அக்காவைப் பார்த்து, "என்ன உறவு?" என்றார்.

"மாமியாருங்க."

அறையில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட்டும் கண்ணாடியைக் கழற்றினார். "மாமியாரே ஜாமீனா? அவர் ஓடிப்போனா உங்க வீடு போயிடும், புரியுதா?"

"ஓட மாட்டாருங்க. அவருக்கு ஓட்டத்தான் தெரியும், ஓடத் தெரியாது."

கையெழுத்து ஆயிற்று. ஆனால் உத்தரவை டைப் அடிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் கையெழுத்திட வேண்டும், முத்திரை வைக்க வேண்டும். முத்திரை வைப்பவர் அறையில் இல்லை. ஒவ்வொரு மேஜைக்கும் அரை மணி நேரம் போயிற்று. உத்தரவை எடுத்துக்கொண்டு கோர்ட் ஊழியர் கிளம்பியபோது ஐந்தே முக்கால். பின்னால் ஆட்டோவில் கிலோ அக்கா. சிறை வாசலை அடைந்தபோது ஆறு ஐந்து.

"ஆறு மணிக்கே உள்ள தலையெண்ணிப் பூட்டியாச்சு. காலைல வாங்க" என்றார் வாசல் காவலர்.

"அஞ்சு நிமிஷந்தான் ஐயா ஆச்சு. கையெடுத்துக் கும்பிடறேன். எம் பொண்ணு ஆபரேஷன்ல இருக்கா."

"எண்ணிக்கை எழுதினப்புறம் ஒரு ஆள் குறைஞ்சா என் வேலை போயிடும்மா. நான் வச்ச சட்டமா இது?"

அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அங்கிருந்து போகவும் இல்லை, கத்தவும் இல்லை. போன் அடித்தது. எடுக்கப் பயந்து மூன்று முறை அடிக்க விட்டாள். பெண் குழந்தை. ஒரு கிலோ நானூறு கிராம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தாய் இன்னும் கண் விழிக்கவில்லை. இரண்டு பேரைப் பற்றியும் காலையில்தான் சொல்ல முடியும்.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த காவலர் கேட்டார்: "உங்க ஆள் பேர் என்ன? எந்த அறை?" சொன்னாள். "விட முடியாது. சேதி வேணா சொல்றேன். நீங்க பொண்ணுகிட்ட போங்க."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சின்னக் கதவு திறந்தது. மருமகன் குனிந்து வெளியே வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"பொண்ணாமே அத்தை. அவ முழிச்சிட்டாளா?"

"ஏழு மணிக்கு முழிச்சா. முதல்ல உங்களைத்தான் கேட்டா."

நேராக ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. பத்து மணிக் கையெழுத்து அன்றைக்கே ஆரம்பம். முதல் நாளே தவறினால் ஜாமீன் போய்விடும். ஸ்டேஷன் பெஞ்சில் மாமியாரும் மருமகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்து வாங்க வேண்டியவர் பதினொன்றரைக்குத்தான் வந்தார். அதுவரை அவன் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். ஆட்டாதீங்க என்று அவள் அவன் முழங்காலில் கை வைத்தாள். அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.

குழந்தை இருபத்து மூன்று நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தது. யார்டு முதலாளி சொல்லி வைத்ததால் எந்த லாரிக்காரரும் மருமகனுக்கு வண்டி கொடுக்கவில்லை. ஒரு வருஷம் காத்துவின் கடையில் டயர் கழற்றினான். அப்புறம் பள்ளிக்கூட வேன் கிடைத்தது.

வழக்கு மூன்று வருஷம் நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவனோடு கிலோ அக்காவும் போனாள். கடைசியில் சூப்பர்வைசர் சாட்சி சொல்ல வந்தார். தள்ளிய வேகத்தில் விழுந்தேனா, கல் இடறி விழுந்தேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றார். அன்றைக்கு அந்தப் பையனுக்குக் கண் திறக்க முடியாத தூக்கம், வண்டியை எடுக்கச் சொன்னது நான்தான் என்பதையும் யாரும் கேட்காமலே சொன்னார். அதற்குமேல் வழக்கு நிற்காது, விடுதலைதான் என்றாள் வக்கீலம்மா.

வெளியே தாழ்வாரத்தில் அவருடைய மனைவி நின்றிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். ஆஸ்பத்திரி ரெக்கார்டு கோர்ட்டுக்கு வந்த மாதமே முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டதாகவும், வேறு ஊருக்குக் குடிபோய்விட்டதாகவும் அப்போதுதான் கிலோ அக்காவுக்குத் தெரிந்தது. டிஸ்சார்ஜ் தேதியை யார் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. முதலாளி தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டார்.

கிலோ அக்கா கையைக் குவித்தாள்.

"அதெல்லாம் வேணாம்" என்று அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "குழந்தை நல்லா இருக்கா?"

"ஓடியாடித் திரியறா. வாய்தான் ஓய மாட்டேங்குது."

"இருக்கட்டும்" என்றாள் அவள். புருஷன் வெளியே வந்ததும் அவரோடு படியிறங்கிப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். மருமகன் அவர்கள் பின்னால் ஓடிப்போய் எதையோ சொல்வதும், சூப்பர்வைசர் தலையசைப்பதும் கிலோ அக்காவுக்கு மேலிருந்து தெரிந்தது. என்ன சொன்னீர்கள் என்று அவள் அவனைக் கேட்கவில்லை.